வயசுக்கு ஒரு மொச்சை!

முதலில் ஒரு விடுகதை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடப்பான். காலையில் பிடித்து அழுத்தினால் சட்டையை நம் கையில் விட்டுவிட்டு ஓடிப் போவான். யார் அவன்?

ராயக்கோட்டை, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீர்கள். ஆமாம், மொச்சைக்கொட்டைதான்! மார்கழி, தை மாதங்களில் எங்கள் ஊர்ப்பக்கம் மொச்சைக்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். உரித்த கொட்டையை இரவில் ஊற வைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கினால், தோல் தனியே கழன்று பருப்பு துள்ளி விழும். அதுதான் பிதுக்குப் பருப்பு. அந்தக் குழம்பும் சுடச்சுடக் கேழ்வரகுக் களியும் இருந்தால், குளிராவது ஒன்றாவது!

ஒரு படி கொட்டையை ஒரே ஆள் பிதுக்கினால் விரல் கழன்றுவிடும். அதனால் வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்காருவோம். நடுவில் பாத்திரம். ஒரு பக்கம் பாட்டி, மறுபக்கம் பேரப்பிள்ளைகள். கை வேலை செய்யும், வாய் கதை பேசும். பாட்டியை எங்கள் ஊரில் ஆயா என்போம். தெலுங்கு பேசும் வீட்டில் அவ்வா. கன்னடம் பேசும் வீட்டில் அஜ்ஜி. பெயர்தான் வேறு, கதை எல்லாரிடமும் இருக்கும்.

இதே குளிர் முடிகிற நேரத்தில் ஜப்பான் நாட்டிலும் மொச்சையைக் கையில் எடுக்கிறார்கள். சாப்பிட மட்டும் அல்ல, வீசி எறியவும்!

ஜப்பான் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 1980-களில் ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனம் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்தது. 2001-ல் இருவரும் பிரிந்துவிட்டார்கள். உங்கள் தாத்தா வைத்திருந்த பழைய வண்டியின் டாங்கியில் 'சுசுகி' என்ற பெயர் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தது என்றால், அரைமணி நேரம் அந்த வண்டியைப் பற்றியே பேசுவார். கேட்டுவிட்டு இங்கே வாருங்கள், நான் காத்திருக்கிறேன்!

அரக்கனே வெளியே போ!

அந்தப் பண்டிகைக்குப் பெயர் செட்சுபுன். பருவத்தைப் பிரிக்கிற நாள் என்று பொருள். ஜப்பானியரின் பழைய நாள்கணக்குப்படி பிப்ரவரி 4-ம் தேதி வாக்கில் வசந்தம் பிறக்கிறது. அதற்கு முந்தின நாள் செட்சுபுன். காலண்டரில் வசந்தம் பிறந்துவிடும். வெளியே என்னவோ பல ஊர்களில் பனி குவிந்து கிடக்கும். அது வேறு விஷயம்!

அன்று வறுத்த சோயாமொச்சையை ஒரு மரப்பெட்டியில் நிரப்பிக் கொள்வார்கள். வீட்டில் ஒருவர், பெரும்பாலும் அப்பா, கொம்பு வைத்த அரக்கன் முகமூடியை மாட்டிக்கொண்டு வருவார். பிள்ளைகள் மொச்சையை அள்ளி அவர்மேல் வீசி, "ஓனி வா சோத்தோ! ஃபுகு வா உச்சி!" என்று கத்துவார்கள். 'அரக்கனே வெளியே போ, பாக்கியமே உள்ளே வா' என்று அர்த்தம். 'சோத்தோ' என்றதும் சோறு ஞாபகம் வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், சாப்பாட்டுக்கும் வருகிறேன்.

அரக்கனை விரட்டியதும், அவரவர் வயது எத்தனையோ அத்தனை மொச்சையை எண்ணிச் சாப்பிட வேண்டும். சில இடங்களில் வரப்போகிற ஆண்டுக்காக ஒன்று கூடுதல். ஒன்பது வயதுப் பையனுக்கு ஒன்பது. பன்னிரண்டு வயது அக்காவுக்குப் பன்னிரண்டு. அப்படி என்றால் எண்பத்து நான்கு வயதுப் பாட்டிக்கு? எண்ணிக்கை வரை சரி. கடிப்பது யார்?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சில சுவையான செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

வறுக்காத மொச்சையை வீசக்கூடாதாம். மூலையில் கிடந்து முளைத்துவிட்டால் ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. வடக்கே ஹொக்கைடோ தீவில் சோயாமொச்சைக்குப் பதிலாகத் தோலோடு இருக்கும் நிலக்கடலையை வீசுகிறார்கள். ஏன் தெரியுமா? பனியில் விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். பொறுக்கி எடுத்து, தோலை உரித்து, உள்ளே இருப்பதைச் சுத்தமாகச் சாப்பிடலாம். நம் ஊர் ஆயாக்கள் கேட்டால், "புத்திசாலி ஜனங்க!" என்பார்கள்.

நரிதா நகரில் ஒரு பெரிய புத்தர் கோவில். அங்கே சுமோ மல்லர்கள் மேடை ஏறி மொச்சை வீசுவார்கள். ஆனால், 'அரக்கனே வெளியே போ' என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கோவில் தெய்வத்தின் முன்னால் அரக்கர்களும் மனம் திருந்திவிடுவார்களாம். திருந்தினவர்களை எதற்கு விரட்ட வேண்டும்? எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்தது. முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் அல்லவா!

செட்சுபுன் பெரும்பாலும் பிப்ரவரி 3. ஆனால் 2021-ல் அது பிப்ரவரி 2-ல் வந்தது. அதற்கு முன் அப்படி வந்தது 1897-ல். இடையில் 124 ஆண்டுகள்! 2025-லும் பிப்ரவரி 2 தான். காரணம் சுலபம். பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாளோடு கூட ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. அந்த உதிரி நேரம் சேர்ந்து சேர்ந்து தேதியை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. நம் தை முதல் நாள் ஒரு வருடம் ஜனவரி 14, இன்னொரு வருடம் 15 என்று வருகிறதே, அங்கேயும் இந்த உதிரி நேரத்தின் வேலை உண்டு.

என் தப்பு

பாட்டிக்கு எண்பத்து நான்கு மொச்சை என்றேன் அல்லவா? இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2018 மாசி மாதம். என் அம்மாவுக்கு அப்போது 83 வயது. பல் எல்லாம் போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேச்சு குறைந்துபோயிருந்தது. காது மந்தம் என்பதால் நாங்களும் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஒருநாள் நான் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தேன். அம்மா கையை நீட்டினார். பாவம், ஆசைப்படுகிறாரே என்று ஒரு பிடி கொடுத்துவிட்டேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தொண்டையில் அடைத்துக்கொண்டது. முகம் சிவந்து, சத்தமே வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்து, அம்மாவை முன்பக்கமாகக் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். நாலாவது தட்டில் கடலை வெளியே வந்து விழுந்தது. நான் கை நடுங்க நின்றுகொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன வாத்தியார்!

வயதானவர்களுக்கு விழுங்கும் தசைகளின் வேகம் குறைந்துவிடும். உமிழ்நீரும் குறையும். பல் இல்லாததால் கெட்டியான பொருள் முழுசாகவே உள்ளே போகும். ஐந்து வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. அவர்களுக்கு அரைத்து மெல்லும் பற்கள் சரியாக வந்திருக்காது. ஐந்து வயதும் அதற்குக் குறைவும் உள்ள பிள்ளைகளுக்குக் கெட்டி மொச்சை, கடலை கொடுக்காதீர்கள் என்று ஜப்பான் அரசே எச்சரிக்கிறது. உங்கள் கண்ணெதிரே யாருக்காவது அடைத்துக்கொண்டால், இருமினால் இரும விடுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். பெரியவர்களை உடனே கத்திக் கூப்பிடுங்கள். 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

இது நடந்த பிறகுதான், ஜப்பானில் பல் இல்லாத பாட்டிகள் செட்சுபுன் அன்று என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அங்கே நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். நூறு வயதைத் தொட்டவர்கள் மட்டும் 2024-ல் 95 ஆயிரத்துக்கு மேல்! இத்தனை தாத்தா பாட்டிகள் இருக்கும் நாட்டில் இதை யோசிக்காமல் இருப்பார்களா?

மூன்றே மூன்று மொச்சையைக் கோப்பையில் போட்டு, உப்பில் ஊறிய ஒரு புளிப்புக் காயும் கடற்பாசித் துண்டும் சேர்த்து, மேலே கொதிக்கும் நீரோ தேநீரோ ஊற்றுகிறார்கள். அதற்கு ஃபுகுச்சா, அதாவது பாக்கியத் தேநீர் என்று பெயர். அந்தத் தண்ணீரைக் குடித்தாலே வயதுக்குரிய மொச்சையைச் சாப்பிட்டதாகக் கணக்கு! இது பழைய வழக்கம். முதியோர் கூடும் பல இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், மொச்சைக்குப் பதில் வாயில் போட்டதும் கரையும் சின்ன உருண்டை பிஸ்கட் கொடுக்கிறார்கள். வீசுவதற்கு, கசக்கிய செய்தித்தாள் உருண்டை. அங்கே வேலை பார்ப்பவர்களே அரக்கன் வேஷம் போட்டு வருவார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் தாத்தா பாட்டிகள் குறி பார்த்து எறிவார்கள்.

'அங்கே' என்றேனே, அது எந்த இடம்? காலையில் வேன் வந்து தாத்தா பாட்டிகளை ஏற்றிச் செல்லும். பகல் முழுக்கச் சாப்பாடு, குளியல், உடற்பயிற்சி, விளையாட்டு. மாலையில் வேன் திரும்பக் கொண்டுவந்து விடும். டே சர்வீஸ் என்று பெயர். நம் பள்ளிக்கூடம் மாதிரியேதான், வீட்டுப்பாடம் மட்டும் கிடையாது!

தாத்தா ஜெயிக்கும் வினாடி வினா

அங்கே அடிக்கடி நடப்பது வினாடி வினா. என்ன கேட்பார்கள்? கம்ப்யூட்டரா, கிரிக்கெட்டா? இல்லை. இந்தப் பருவத்தில் என்ன பூ பூக்கும், அந்தக் காலத்தில் இந்த மாதம் என்ன சமைப்பார்கள், குளிருக்கு வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். எல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்த கேள்விகள். நகோயா நகரை ஒட்டி கிட்டநகோயா என்று ஓர் ஊர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் ராஜா கிரீடம், வாள் எல்லாம் பெரிய விஷயம் இல்லை. பழைய ரேடியோ, பழைய அடுக்களைச் சாமான், பழைய பொம்மை இவைதான். அந்தப் பொருள்களைக் கையில் கொடுத்துப் பெரியவர்களைப் பேச வைக்க 2002-லேயே தனி மையம் தொடங்கினார்கள்.

நானும் வீட்டில் அதைச் செய்து பார்த்தேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே உரக்க, முதல் கேள்வி கேட்டேன். "அம்மா, முன்பனி, பின்பனி என்கிறார்களே, என்ன வித்தியாசம்?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியாருக்கு இது தெரியாதா? மார்கழி, தையில பொழுது சாஞ்சதுமே பனி எறங்கும். மாசி, பங்குனியில விடியக்காலம்தான் எறங்கும்" என்றார். பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. மார்கழி, தை முன்பனிக் காலம். மாசி, பங்குனி பின்பனிக் காலம்.

காரணத்தை நான் சொல்கிறேன். பகலில் சூடான தரை, இரவில் வெப்பத்தை மெல்ல மேலே விட்டுவிடுகிறது. இரவு முழுக்க விட்டு விட்டு, விடியும் நேரத்தில்தான் மிகவும் குளிர்ந்து கிடக்கும். மாசியில் பகல் நன்றாகச் சூடாகிவிடுவதால் முன்னிரவில் குளிர் தெரியாது. பின்னிரவில்தான் பனித்துளி விழும். உயரமும் முக்கியம். ஆயிரம் மீட்டர் மேலே போனால் சுமார் 6.5 டிகிரி குறையும். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் கிருஷ்ணகிரியில் மின்விசிறி சுற்றும் இரவில், ஓசூரில் கம்பளி தேடுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி மாம்பூ பற்றி. மூன்றாவது புளி. நான்காவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. அம்மாவே பேச ஆரம்பித்துவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிட உட்காரும்போது மணி ஒன்பது.

எழுபத்திரண்டு கட்டம்

ஆறாம் வகுப்பு படித்த என் பேத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நான் ஜப்பானின் இன்னொரு வழக்கத்தைச் சொன்னேன்.

நாம் ஓர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறோம். ஜப்பானியர் பழைய முறையில் 72-ஆகப் பிரித்திருக்கிறார்கள்! ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நாள். வசந்தத்தின் முதல் ஐந்து நாளுக்குப் பெயர், 'கீழ்க்காற்று பனிக்கட்டியைக் கரைக்கிறது'. இப்படி 72 பெயர்கள். இந்த முறை சீனாவிலிருந்து வந்தது. ஆனால் சீனாவின் பூவும் பறவையும் ஜப்பானின் பருவத்தோடு ஒத்துப்போகவில்லை. ஷிபுகவா ஷுன்காய் என்ற வானியலாளர், தம் நாட்டில் நடப்பதைப் பார்த்துப் பெயர்களைத் திருத்தினார். அது நடந்தது 1685-ல். அவர் முதலில் யார் தெரியுமா? அரசாங்கத்துக்காக 'கோ' என்ற காய் விளையாட்டு ஆடியவர்!

"தாத்தா, நம்ம ராயக்கோட்டைக்கு 72 இருக்கா?" என்று கேட்டாள் பேத்தி.

இல்லை. அதனால் நாங்களே போட ஆரம்பித்தோம். 2019 தை மாதம். ஒரு நாற்பது பக்க நோட்டு. மாதத்துக்கு ஆறு கட்டம், பன்னிரண்டு மாதத்துக்கு 72 கட்டம். சொல்ல வேண்டியது அம்மா. எழுத வேண்டியது பேத்தி. கட்டங்கள் சுலபமாக நிரம்பவில்லை. "எப்ப பூக்கும்னு தேதி போட்டா சொல்ல முடியும்? அது பூக்கறப்ப பூக்கும்" என்று அம்மா சண்டை போடுவார். பேத்தி பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவாள்.

தை மாதக் கட்டங்களில் சில: 'மொச்சை பிதுக்கும் பக்குவம்.' 'மாந்தோப்புப் பக்கம் போனால் பூ வாசம்.' கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது என்பது உங்களுக்குத் தெரியும். தை, மாசியில் பூத்தால்தான் வைகாசி, ஆனியில் பழம். அப்போது மூடுபனி அதிகமாகிப் பூவில் ஈரம் தங்கினால், சாம்பல் நோய் வந்து பூ உதிர்ந்துவிடும். நாம் பனியைப் பார்த்து ரசிக்கும் நேரத்தில் தோப்புக்காரர் வானத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார்.

மாசிக் கட்டங்கள்: 'புளியம்பழத்தைக் குலுக்கினால் ஓட்டுக்குள் சத்தம் கேட்கும்.' பழம் சுருங்கி ஓட்டைவிட்டு விலகினால்தான் அந்தச் சத்தம் வரும். அதுதான் உலுக்கும் பக்குவம். 'சிவராத்திரி வந்தது, போர்வை மடிக்கலாம்.' 'புரச மரத்தில் இலை இல்லை, பூ மட்டும் நெருப்பு மாதிரி.' அப்புறம் ஒன்று: 'யானை திரும்பிப் போகும் நேரம்.' கேழ்வரகு விளையும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம் காடுகள் வரை வரும். அறுவடை முடிந்து கோடை நெருங்கினால் வந்த வழியே திரும்பும். ராயக்கோட்டைக்காரர்கள் காலண்டரைப் பார்க்காமலேயே யானையைப் பார்த்து மாதம் சொல்வார்கள்.

புளி உலுக்கும்போது அம்மாவுக்கு இன்னொரு வேலையும் வந்தது. புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, பரணில் கிடந்த பல்லாங்குழிப் பலகையை இறக்கச் சொன்னார். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து கொட்டை. பேத்தி போனில் விளையாட்டு ஆடிப் பழகியவள்; வேகமாகக் கொட்டையைப் போட்டுக்கொண்டே போனாள். அம்மா எண்ணவே இல்லை. கை தானாகக் குழிகளின் மேல் ஓடியது. ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று அள்ளிக்கொள்வார். முதல் நாள் பேத்திக்கு இரண்டு பசு, அம்மாவுக்குப் பதினொன்று. பேத்தி அழுதேவிட்டாள். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை!

வயதைக் கொண்டாடுவதில் நமக்கும் ஜப்பானியருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அவர்களுக்கும் 60 ஆண்டுச் சுழற்சி, நமக்கும் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு. நாம் அறுபதில் மணிவிழா கொண்டாடுகிறோம். அங்கே அறுபதாவது வயதில் சிவப்பு நிறத்தில் கையில்லாச் சட்டை போட்டுவிடுவார்கள். சுற்று முடிந்து மறுபடி குழந்தையாகிவிட்டார் என்று கணக்கு! 88 வயதுக்கு 'அரிசி வயது' என்று பெயர். அரிசிக்கான அவர்கள் எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்று வரும். 99 வயது 'வெள்ளை வயது'. நூறு என்ற எழுத்தில் மேலே உள்ள ஒரு கோட்டை எடுத்துவிட்டால் வெள்ளை என்று படிக்கலாம். நூறில் ஒன்று குறைந்தால் தொண்ணூற்று ஒன்பதுதானே!

என் அம்மா அரிசி வயதை எட்டவில்லை. 2021-ல் 86 வயதில் காலமானார். நோட்டு பேத்தியிடம் இருக்கிறது. 72 கட்டங்களில் நிரம்பியவை 31. கார்த்திகை வரை ஓரளவு வந்துவிட்டோம். நடுவே நிறைய இடைவெளி. ஆடியில் 'கேழ்வரகு விதைக்க ஈரம் பார்' என்ற ஒன்றுதான் இருக்கிறது, மற்ற ஐந்து காலி. புரட்டாசியில் ஒன்றுகூட இல்லை. அந்த மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

உங்கள் வீட்டு ஆயாவோ, அவ்வாவோ, அஜ்ஜியோ இன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். புரட்டாசி மாதம் எந்தச் செடி பூக்கும், எந்தப் பூச்சி கத்தும், வயலில் என்ன வேலை நடக்கும் என்று கேளுங்கள். காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் உரக்கக் கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். போகும்போது கையில் கடலை மட்டும் வேண்டாம். பிதுக்குப் பருப்பைக் குழைய வேகவைத்து எடுத்துப் போங்கள்.